நட்சத்திரம் ஒட்டிய ஜீப்பு

போடி,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அடியே,

போட்டோ எல்லாம் வந்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குகிறவள். உன் வீட்டுக்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு வரி படிக்காமல் நம் பேச்சையே கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது நான் சொல்லப்போவது நேரே அவர் காதில் விழுந்தால் மனுஷன் ஒரு வருஷத்துக்கு எங்கள் வீட்டுக் காப்பியைத் தொடமாட்டார். அதனால்தான் கடிதம். எதை எப்போது அவர் காதில் போடுவது என்பது உன் சாமர்த்தியம்.

உன் வீட்டுக்காரர் பூப்பாறையில் பார்த்த ஜீப்புக்கு வருகிறேன். '1944 மாடல், உலகப் போருக்குப் போய்வந்த வண்டி, ஆறரை லட்சம்' என்றுதானே புரோக்கர் சொன்னார்? அது போருக்கெல்லாம் போகவில்லைடி. போனால் போடிமெட்டு வரை போயிருக்கும்.

தம்பிதான் முதலில் போட்டோக்களைப் பார்த்தான். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டினான். அப்பா இப்போது பட்டறைக்குப் போவதில்லை. முழங்கால் விடமாட்டேன் என்கிறது. திண்ணையில் உட்கார்ந்தபடி, தெருவில் போகிற ஜீப்பின் சத்தத்தை வைத்தே 'இவனுக்கு இன்ஜெக்டர் போச்சு', 'அவன் கிளட்சைத் தேய்க்கிறான்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்துப் போட்டோ ஒன்றை மட்டும் பார்த்தார். "பின்கதவு இருந்த வண்டிடா இது. அடைச்சு வெல்டு வச்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராத்திரி மாத்திரை எங்கே என்று அம்மாவைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் இதுதான். போருக்காக வில்லிஸ் கம்பெனி செய்த எம்பி ஜீப்புக்கும், அதே படத்தை வைத்து ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூவுக்கும் பின்கதவே கிடையாது. பின்னால் ஒரே தகடு, அதில் ஸ்டெப்னி தொங்கும். போர் முடிந்து 1945-இல் விவசாயிகளுக்கு விற்பதற்கென்று சிஜே என்ற பெயரில் இறக்கியபோதுதான், மூட்டை ஏற்ற இறக்கத் தோதாகப் பின்கதவு வைத்தார்கள். ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போனது. உன் வீட்டுக்காரர் பார்த்த வண்டியில் கதவுக் கீல் இருந்த இடம் இரண்டும் பட்டி பூசியும் மேடு தெரிகிறது.

முன்பக்கம் ஒன்பது துவாரம் இருக்கிறதே என்பார். சரிதான், போர் ஜீப்புக்கு ஒன்பது, சிஜேக்கும் நம் மஹிந்திராவுக்கும் ஏழு. ஆனால் கிரில் என்பது கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற தகடு. பானெட்டும் அப்படித்தான். மஹிந்திரா இங்கே பல வருஷம் செய்தது சிஜே 3பி. அதன் ஹரிகேன் இன்ஜினில் ஒரு வால்வு வரிசை தலைக்கு மேல் ஏறிவிட்டதால் இன்ஜின் உயரம். இன்ஜின் உயரமானதால் பானெட்டும் உயரம். பார்க்கக் கொஞ்சம் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த உயரம் பிடிக்காமல் இப்போது எல்லோருக்கும் 'லோ பானெட்' வேண்டும். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர் இந்த ஜீப்பு வேலைக்கே பேர் போனது. நீ கேட்கிற மாதிரி பாடி அடித்துக் கொடுப்பார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்து, வெள்ளை நட்சத்திரம் ஒன்றை ஒட்டிவிட்டால் 1944 தயார். ஆர்சி புக்கைக் காட்டச் சொல். அதில் மஹிந்திரா என்றுதான் இருக்கும் என்று தம்பி பந்தயம் கட்டுகிறான்.

ஆக, அந்த வண்டி மூன்று பிறவி எடுத்திருக்கிறது. முதலில் கம்பெனியிலிருந்து வந்த மஹிந்திரா பெட்ரோல் ஜீப்பு. அடுத்து டீசல் போட்டு, பின்பக்கம் மாற்றி, மலைக்கு ஓடிய வண்டி. மூன்றாவதுதான் இந்தப் பட்டாள வேஷம். புரோக்கர் விலை கேட்பது மூன்றாவதற்கு. என்னைக் கேட்டால் விலை இரண்டாவதற்குத்தான், பழையபடி ஆக்குகிறேன் என்று உன் வீட்டுக்காரர் முதல் வேலையாகப் பிய்த்து எறியப்போவதும் அதைத்தான்.

அந்த இரண்டாவது பிறவியைப் பற்றி உனக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது இருட்டு பிரியாத நேரத்தில் எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தாயே, தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் கவரும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்பில் ஏறுவதை. ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று எழுதினால் ஆர்டிஓ ஆபீசிலிருந்து எனக்கே நோட்டீஸ் வரும். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று எல்லாம் ஏலத்தோட்டம். போகும்போது ஆள், உரம், மருந்து. வரும்போது ஆளும் காய்ந்த காயும். இந்தப் பாட்டுக்குப் பெட்ரோல் ஜீப்பு கட்டுமா? ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டே டாங்கைக் காலி பண்ணிவிடும்.

அதனால்தான் அப்பாவின் காலத்தில் பட்டறைக்குப் பட்டறை பெட்ரோல் இன்ஜினை இறக்கி டீசலை ஏற்றினார்கள். மேட்டடார் வேன் இன்ஜின், பெர்கின்ஸ், பெஜோ என்று எது கிடைத்ததோ அது. பிற்பாடு மஹிந்திராவே 1985 வாக்கில் பெஜோ டீசலோடு எம்எம் 540-ஐ இறக்கியது. அப்பாவைக் கேட்டால் நம்மைப் பார்த்துத்தான் செய்தான் என்பார். டீசல் இன்ஜின் கனம். அதை அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. முன் பட்டையில் ஒன்றோ இரண்டோ லீஃப் கூடுதலாகப் போட வேண்டும், இல்லையென்றால் வளைவில் மூக்கு இறங்கும். இன்ஜின் உட்காருகிற பிராக்கெட்டைச் சேஸில் வெல்டு வைத்த இடத்தில் கொஞ்ச நாளில் மயிரிழை வெடிப்பு விடும். அப்பா வெடிப்பு வருவதற்கு முன்னாலேயே உள்பக்கம் முக்கோணத் தகடு ஒன்றைக் கொடுத்துவிடுவார். மட்கார்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவி அந்தத் தகடு தட்டுப்பட்டால் எங்கள் பட்டறை வண்டி. நீ அனுப்பியதில் இடது பக்கத்துப் போட்டோவில் அது மாதிரி ஒன்று தெரிகிறது. தம்பி 'அப்பா வேலைதான்' என்கிறான். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டாவது தடவை போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பின்பக்கம் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, பிடிக்க மேலே கம்பி, ஏற இரும்புப் படி, மழைக்குப் படுதா. இந்த வேலையெல்லாம் கம்பெனி படத்தில் கிடையாது. இந்த ஊரில், இந்த ரோட்டுக்காக, கால் மடக்கி உட்காரும் பெண்களுக்காக அளந்து அடித்தது. உன் வண்டியில் பெஞ்சு போல்ட்டு ஓட்டைகள் தரையில் இன்னும் இருக்கின்றன. பெஞ்சைத்தான் கழற்றிவிட்டான்.

தரை என்றதும் ஞாபகம் வருகிறது. தரையை நேரில் போய்க் குனிந்து பார்க்கச் சொல். போடியில் தூங்கின வண்டியும் மேலே தூங்கின வண்டியும் ஒன்றில்லை. இங்கே வெயில், அங்கே ஆனி ஆடியில் துணியே காயாது. அது போதாதென்று ஏலச்செடி அழுகலுக்குப் போர்டோ கலவை அடிக்கிறார்கள் அல்லவா, அதற்குத் துருசும் சுண்ணாம்பும் இந்த வண்டியில்தான் போகும். துருசுத் தண்ணீர் சிந்தின இடத்தில் இரும்பு இருந்த சுவடே இருக்காது. பெயிண்டர் அதன்மேல் பட்டி போட்டு மழுங்கத் தேய்த்துவிடுவான். பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம் எடுத்துத் துணியில் சுற்றி இழுத்துக்கொண்டே போனால், எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே தகடு இல்லை, பட்டிதான். தரைத் தகடு போனால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். சேஸ் சட்டம் உள்ளுக்குள் இற்றிருந்தால் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம். சுத்தியால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும், 'டொப்' என்று கேட்கக் கூடாது.

இன்னொன்று, சேஸ் நம்பர். கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வது போதாது. வெள்ளைத்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொல். பேர் மாற்றும்போது செய்வார்களே, அதேதான். கம்பெனி அடித்த எழுத்து ஒரே ஆழத்தில் ஒரே வரிசையில் வரும். தேய்த்துவிட்டு மறுபடி அடித்ததென்றால் எழுத்துகளைச் சுற்றி அரத்தின் கீறல் தாளில் இறங்கும். புரோக்கர் 'அதெல்லாம் கிரீஸ் பிடிச்சிருக்கு சார், அப்புறம் பாத்துக்கலாம்' என்றால், வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு சொல்வதால், பழையபடி மாற்றவே கூடாது என்கிற கட்சி நான் என்று நினைத்துவிடாதே. சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்திருந்த ஜீப்பு ஒன்றைத் தம்பி பார்த்தான். அந்த வீட்டுக் கதை தனி. பெரியவர் போனதும் மகனும் மருமகளும் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் வக்கீல். வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு மட்டும் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தார்கள்! தம்பி ரேடியேட்டருக்குக் கீழே படுத்துப் பார்த்திருக்கிறான். வில்லிஸ் எம்பிக்கு அங்கே முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருக்கும்; ஃபோர்டுக்குக் கவிழ்த்த 'ப' மாதிரி மடித்த தகடு. இதில் மடித்த தகடு. பிளேடால் அழுக்கைச் சுரண்டினால் போல்ட்டுத் தலையில் 'எஃப்' என்று பொடி எழுத்து. ஃபோர்டு தன் பாகங்களில் எல்லாம் அந்த எழுத்தை அடித்து வைத்திருந்தது. ஸ்டியரிங் வலது பக்கம்தான் இருந்தது, ஆனால் இடது சட்டத்தில் பழைய ஸ்டியரிங் பெட்டி உட்கார்ந்த ஓட்டைகள் அப்படியே. போர் ஜீப்பு எல்லாம் இடது கை ஓட்டு. ஹெட்லைட் ஒன்று இன்னும் கீலில் திரும்பியது; ராத்திரியில் இன்ஜின் வேலை பார்க்க விளக்கையே உள்பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்று செய்த ஏற்பாடு அது. உள்ளே என்ன இன்ஜின் தெரியுமா? ஏதோ தண்ணீர் மோட்டாருக்கு வாங்கின டீசல்! அந்த மாதிரி வண்டி கிடைத்தால் டீசலை இறக்கு, ஸ்டியரிங்கை இடத்துக்குக் கொண்டுபோ, ஸ்பேருக்கு ஊர் ஊராக அலை, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அடியில் இருப்பது அபூர்வம், மேலே செய்த வேலை அவசரத்துக்குச் செய்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

உன் வீட்டுக்காரருக்கு இது புரிய வேண்டுமென்றால் அவருடைய வீடியோ கேம் பெட்டியை வைத்துச் சொல். அதைச் சொல்லாமல் விடுவேனா நான்! மதுரையில் மூடின கடையிலிருந்து லாரி வைத்துத் தூக்கிவந்து, வரவேற்பறையில் வைத்து, உன் மாமியார் அதன்மேல் துவைத்த துணியை மடித்து வைத்து... அதைப் 'பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன்' என்று பக்கத்து ஸ்டிக்கரையெல்லாம் ஹீட்டர் காட்டி உரித்தாரே, உரித்தபின் என்ன வந்தது? வெறும் பலகை. நம் பக்கத்துக் கடைகளில் இருந்த பெட்டி பலதும் உள்ளூர் ஆசாரி அடித்து, டிவி டியூப் வைத்தது. 1985-இல் ஜப்பான்காரர்கள் ஜாமா என்று எல்லாப் போர்டுக்கும் ஒரே மாதிரி வயர் இணைப்பை வகுத்துவிட்டதால், ஒரு விளையாட்டை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகிக்கொண்டே போகலாம். கடைசியாக அதில் இருந்தது முஸ்தபா. 1993-இல் கேப்காம் இறக்கிய அந்த விளையாட்டுக்குக் கம்பெனி வைத்த பேர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். மஞ்சள் தொப்பிக்காரன் பேரில் நம் பையன்கள் முஸ்தபா என்றே கூப்பிட்டார்கள். கடைக்காரர் கையால் 'ஒரு ரூபாய்' என்று எழுதி ஒட்டிய அந்தத் தகடுதான் அந்தப் பெட்டியின் சொத்து. அதை உரித்துப் போட்டுவிட்டு இப்போது எல்சிடியும் ஆயிரம் விளையாட்டுச் சிப்பும் வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் அவர் கும்பிடுகிற டாங்கி காங்கே மாற்றிய பெட்டிதான். நின்டெண்டோ அமெரிக்காவுக்கு ரேடார் ஸ்கோப் என்ற விளையாட்டை 3,000 பெட்டி அனுப்பி, சுமார் 2,000 விற்காமல் கிடங்கில் தங்கிவிட்டது. 1981-இல் அதே பெட்டிகளில் போர்டை மாற்றி, படத்தை மாற்றி, டாங்கி காங் ஆக்கினார்கள். ஆரம்பத்தில் வந்த சிவப்புப் பெட்டிகள் அவைதான், பிறகுதான் நீலம். சேகரிக்கிறவர்கள் சிவப்பைத் தேடி அலைகிறார்கள். அதைப் பிடுங்கி ரேடார் ஸ்கோப்பாகத் திருப்பு என்று அவரிடம் யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். அவருக்கு அது புரிகிறது, ஜீப்பில் மட்டும் புரியமாட்டேன் என்கிறது.

சட்டம் வேறு பக்கம் இழுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்று வரும். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கலாம். மேட்டடார் இன்ஜினும் டப்வாலி பானெட்டும் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க முடியாது. சாதாரணப் பதிவிலேயே ஓட்டலாம் என்றாலும், இன்ஜின் மாற்றியது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அப்பாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். "மலை ஏறாத வண்டியை ஏற வச்சது தப்பாடா?" என்றார். எனக்கும் அவர் பக்கம்தான் மனசு. ஆனால் காகிதம் சரியில்லாத வண்டியை வாங்கி உன் வீட்டுக்காரர் ஆர்டிஓ வாசலில் நிற்பதற்கு நான் காரணமாக மாட்டேன். கேரளப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றும் நம் பக்கத்து வரியும் வேறு இருக்கின்றன. ஆறரை லட்சத்தில் புரோக்கர் அதைச் சேர்த்திருக்கமாட்டார்.

அந்தப் புரோக்கர் யார் என்று கேட்டேன். தெரிந்த ஆள்தான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டதே, அந்த வருஷம் தோட்டக்காரர்கள் பலர் பொலிரோ எடுத்தார்கள். எங்கள் பெரியப்பா மகன் உட்பட. அவன் வீட்டில் இன்றைக்கும் அது ஏலக்காய் பொலிரோதான். அப்போது கொல்லையில் ஒதுக்கின ஜீப்புகளைச் சல்லிசாக வாங்கிப் போட்டவர் இவர். கையில் மோதிரம் கூடிக்கொண்டே போகிறது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆறரை என்பதைக் காதிலேயே வாங்காதே. சேஸும் காகிதமும் சுத்தம் என்றால் மூன்று வரை போகலாம் என்கிறான் தம்பி. அதற்கும் ஒரு நிபந்தனை: கழற்றிய பழைய பானெட், ஏழு துவாரக் கிரில், பின்கதவு, இரண்டு பெஞ்சு எல்லாம் எங்கே என்று கேட்கச் சொல். புரோக்கர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. எங்கேயோ ஷெட்டில் கிடக்கும். அதெல்லாம் வண்டியோடு வந்தால்தான் மூன்று, வராவிட்டால் இரண்டே கால். வாங்கினபின் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, உயரப் பானெட்டை மாட்டி, பெஞ்சைத் திரும்பப் பூட்டிக் கொடுக்கத் தம்பி தயார். பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் என்ன கலர் இருக்கிறதோ அதையே அடிப்பானாம். டாஷ்போர்டுக்குக் கீழே கை படாத இடத்தில் ஒரு ரூபாய்க் காசால் சுரண்டிப் பார்த்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. டீசலை இறக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை வருவதாக இருந்தால் கார் எடுக்க வேண்டாம், சென்னையிலிருந்து இப்போது நேரே போடிக்கே ரயில் இருக்கிறது. 1928-இல் வந்த மீட்டர் கேஜ் லைனைப் பிடுங்கிவிட்டு, பல வருஷம் நம்மைக் காக்க வைத்து, 2023 ஜூனில் அகலப்பாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். உன் வீட்டுக்காரர் அதையும் மீட்டர் கேஜாக்க வேண்டும் என்று ஸ்டேஷனில் மனு எழுதாமல் பார்த்துக்கொள். அம்மா உனக்கென்று எட்டு எம்எம் காய் அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறாள். காசு கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதே, போன தடவை அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புரோக்கரிடம் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆர்சி நகலும் பென்சில் தேய்த்த தாளும் முதலில் எனக்கு வரட்டும்.

அன்புடன்,
உன் போடிக்காரி